துருவும் பழைய பெயின்ட்டும் கழல: கருவிகளுக்கு ஒரு மின்னாற்பகுப்புக் குளியல்

பழைய இழைப்புளியோ, பெஞ்ச் வைஸோ, ஸ்பேனரோ எது கையில் கிடைத்தாலும் அதன் மேல் துரு இருக்கும். துருவின் மேல் யாரோ ஒருவர் அவசரத்தில் அடித்த பெயின்ட் இருக்கும். அந்தப் பெயின்ட்டுக்குக் கீழே மறுபடியும் துரு. கம்பி பிரஷ்ஷையும் உப்புத்தாளையும் எடுத்து உட்கார்ந்தால் கை ஓய்ந்துபோகும் என்பது ஒரு பக்கம். துருவோடு சேர்த்து நல்ல இரும்பையும் தேய்த்துவிடுவோம் என்பது அதைவிடப் பெரிய தொந்தரவு. வார்ப்பில் இருக்கும் எழுத்துகள் மழுங்கும், கூரான விளிம்புகள் உருண்டுபோகும். ஆசிட்டில் ஊறப்போட்டால் வேலை சுலபம்தான், ஆனால் எடுக்க மறந்தால் அது துருவை முடித்துவிட்டு இரும்பிலும் கை வைக்கும்.

மின்னாற்பகுப்பு முறையில் இந்தக் கவலை இல்லை. சரியாக இணைத்திருந்தால், நல்ல இரும்பில் ஒரு துளிகூடக் குறையாது. ராத்திரி முழுக்க விட்டாலும் கருவிக்குச் சேதம் வராது. செலவும் கம்மி. ஆனால் தண்ணீர், மின்சாரம், எரியக்கூடிய வாயு மூன்றும் ஒரே இடத்தில் சேர்கிற வேலை இது. அதனால் நான்கைந்து விஷயங்களில் கொஞ்சமும் அசட்டையாக இருக்கக் கூடாது. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஏற்பாடு எளிமையானது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் கொஞ்சம் வாஷிங் சோடா. துருப்பிடித்த கருவியை டிசி மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைக்க வேண்டும். வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையோடு இணைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தண்ணீரில் இறக்கி 12 வோல்ட் கொடுத்தால் வேலை ஆரம்பித்துவிடும்.

மின்சாரம் பாயும்போது தண்ணீர் பிரிகிறது. கருவியின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும், தகட்டின் பக்கம் ஆக்சிஜன் வரும். கருவியை ஒட்டியுள்ள செம்பழுப்புத் துரு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, மேக்னடைட் போன்ற கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. இந்தக் கறுப்பு, துருவைப் போல இறுகப் பிடித்துக்கொண்டிருக்காது. அடியிலிருந்து கிளம்பும் குமிழிகளும் அதைத் தூக்கிவிடுவதால், பிரஷ் பட்டாலே வழித்துக்கொண்டு வரும்.

துரு அப்படியே திரும்பவும் இரும்பாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. துரு அரித்த குழிகள் குழிகளாகவே இருக்கும். உளியின் பின்பக்கம் அம்மைத் தழும்பு விழுந்திருந்தால், சுத்தமான அம்மைத் தழும்புதான் கிடைக்கும். அதைத் தீட்டிச் சமப்படுத்துவது தனி வேலை.

அருங்காட்சியகங்களிலும் இதே அடிப்படைதான். 1862-இல் கடலில் மூழ்கிய யுஎஸ்எஸ் மானிட்டர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரத்தை 2002-இல் வெளியே எடுத்தார்கள். அதில் ஊறியிருக்கும் கடலுப்பை வெளியேற்றப் பெரிய தொட்டியில் வைத்து மின்னாற்பகுப்பு செய்கிறார்கள். அது வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. நம் ஸ்பேனருக்கு ஒரு ராத்திரி போதும்.

எதையெல்லாம் தொட்டிக்குள் விடக் கூடாது

இரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு இவை மட்டும்தான் உள்ளே போகலாம். அலுமினியத்தைப் போட்டால் சோடாக் கரைசலின் காரத்தன்மையே அதை அரித்துவிடும். துத்தநாக வார்ப்புகளுக்கும் அதே கதிதான். பித்தளைத் திருகு, பித்தளைத் தகடு இருந்தால் கழற்றி வையுங்கள். மரக் கைப்பிடி, தோல், பிளாஸ்டிக் எல்லாம் வெளியே. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் இந்த வேலைக்கு வர வேண்டும். துருவில் இறுகிப்போய்க் கழற்றவே முடியாத திருகு இருந்தால் அப்படியே போடலாம். பல சமயம் குளித்து வந்த பிறகு அது தானாக இளகிக் கொடுக்கும்.

நிக்கல், குரோம் முலாம் பூசிய கருவிகளில் யோசித்துச் செய்யுங்கள். நன்றாக ஒட்டியிருக்கிற முலாம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஓரத்தில் துரு புகுந்து ஏற்கெனவே உப்பியிருந்தால், அந்த இடம் முழுக்க உரிந்து வந்துவிடும்.

பழைய இழைப்புளிகளின் உடம்பில் இருக்கும் கறுப்புப் பளபளப்பு சாதாரணப் பெயின்ட் அல்ல. தார் போன்ற பொருளைப் பூசிச் சூட்டில் வாட்டிய ஜப்பானிங் என்ற பூச்சு அது. தொட்டியில் போட்டால் அதுவும் கழன்று போய்விடும். தொண்ணூறு சதவீதம் நல்ல நிலையில் இருக்கிற அசல் பூச்சை, நாலு துருப்புள்ளிக்காகப் பறிகொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அப்படிப்பட்ட கருவிக்குக் கொஞ்சம் எண்ணெயும் மெல்லிய ஸ்டீல் உல்லும் போதும். அரிய கருவி, சேகரிப்பாளர்கள் தேடுகிற கருவி என்றால் இன்னும் நிதானம் வேண்டும். காலத்தால் ஏறிய அந்தக் கருமை நிறத்துக்கே மதிப்பு உண்டு, போனால் திரும்பாது.

அடுத்து, கடினமாக்கிய எஃகு. தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜனில் கொஞ்சம் இரும்புக்குள்ளேயும் நுழையும். சாதாரண இரும்புக்கும் வார்ப்பிரும்புக்கும் இதனால் பாதகம் இல்லை. ஆனால் ஸ்பிரிங், உயர்வலு போல்ட், பாரம் தூக்கும் கொக்கி, சங்கிலி போன்றவை இதனால் நொறுங்கும் தன்மை அடையலாம். உடைந்தால் ஆளுக்கு அடிபடும் என்கிற எந்தப் பொருளையும் இதில் போடாதீர்கள். உளி, இழைப்புளி அலகு போன்றவற்றைப் போடலாம், ஆனால் கம்மியான மின்னோட்டத்தில், தேவையான நேரம் மட்டும். வெளியே எடுத்ததும் சுத்தியலால் அடித்து வேலை வாங்காமல் சில நாள் சும்மா வைத்திருங்கள். உள்ளே போன ஹைட்ரஜனில் பெரும்பகுதி மெல்ல வெளியேறிவிடும்.

வேண்டிய சாமான்கள்

கருவி முழுக்க மூழ்கி, சுற்றிலும் நாலு விரல் இடம் இருக்கிற அளவு பிளாஸ்டிக் வாளி அல்லது தொட்டி வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. சமையலுக்கோ குளிக்கவோ மறுபடி பயன்படுத்தாத வாளியாக இருக்கட்டும்.

சோடா விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நமக்கு வேண்டியது சோடியம் கார்பனேட், அதாவது துணி துவைக்கிற வாஷிங் சோடா. ஆப்ப சோடா சோடியம் பைகார்பனேட். அதுவும் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் சுமாராகத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 5 கிராம் வாஷிங் சோடா போதும். 10 லிட்டர் வாளிக்கு மூன்று மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். மாவு போன்ற உலர்ந்த சோடாவுக்கான கணக்கு இது. கண்ணாடித் துண்டு போன்ற படிகமாகக் கிடைத்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதனால் இரண்டரை மடங்கு போடுங்கள். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று அள்ளிக் கொட்ட வேண்டாம். மின்னோட்டம் எகிறி சார்ஜர் சூடாகும், வேறு லாபம் இல்லை.

சமையல் உப்பை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். போதாக்குறைக்கு, கருவியில் தங்கும் குளோரைடு பிறகு துருவை வேகமாக வரவழைக்கும். காஸ்டிக் சோடாவும் புதியவர்களுக்கு வேண்டாம். தெறித்தால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். வாஷிங் சோடாவும் காரம்தான், ஆனால் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் சமாளிக்கலாம்.

நேர்முனைத் தகட்டுக்குச் சாதாரண இரும்புதான் சரி. பழைய இரும்புத் தகடு, கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பித் துண்டுகள், பெயின்ட் இல்லாத இரும்புப் பட்டை எது வேண்டுமானாலும் ஆகலாம். இது போகப்போகத் தேயும், பழுப்புச் சகதி கட்டும், கடைசியில் ஓட்டையாகும். அதற்காகத்தான் அது இருக்கிறது. கிராஃபைட் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது, சகதி குறையும்.

தகடு தேயாமல் இருக்க எவர்சில்வரைப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. நேர்முனையில் வைத்தால் அது அறுமதிப்புக் குரோமியமாகத் தண்ணீரில் கரையும். புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு அது. வாளித் தண்ணீர் மஞ்சளாவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றாலும், அந்த மஞ்சளைப் பார்க்கிற நிலைக்கே போக வேண்டாம். குரோம் பூசிய கம்பியும் இதே காரணத்தால் ஆகாது. துத்தநாகம் பூசிய ஜிஐ தகடும் வேண்டாம். செம்பைப் போட்டால் அது கரைந்து கருவியின் மேல் செம்புப் படலமாகப் படியும்.

மின்சாரத்துக்குப் பழைய பாணி 12 வோல்ட் கார் பேட்டரி சார்ஜர் போதுமானது. இப்போது வருகிற தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரம் விடும், வாளியைப் பார்த்துச் சும்மா இருந்துவிடும். வோல்டேஜையும் ஆம்பியரையும் திருகி வைத்துக்கொள்ளும் பெஞ்ச் பவர் சப்ளை இருந்தால் அதைவிட வசதியானது எதுவும் இல்லை. வீட்டு மின்சாரத்தை டயோடு வைத்து நேரடியாக இறக்குவதெல்லாம் உயிரோடு விளையாடுவது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, முறையான சார்ஜர் அல்லது பவர் சப்ளை மட்டும்தான். அதையும் வாளியிலிருந்து தள்ளி, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள்.

இணைப்பு கொடுப்பது

முதலில் கருவியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய், கிரீஸ் எல்லாவற்றையும் போக்குங்கள். எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்தில் மின்சாரம் ஏறாது, அந்த இடம் மட்டும் துருவோடு திட்டுத்திட்டாக நிற்கும்.

கிளிப் மாட்டப்போகும் இடத்தை உப்புத்தாளாலோ அரத்தாலோ தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்படி செய்யுங்கள். இந்த முறையில் வேலை நடக்கவில்லை என்று சலித்துக்கொள்கிற புதியவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு இந்த இடத்தில்தான் இருக்கும். துரு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, பெயின்ட் சுத்தமாகக் கடத்தாது. துருவின் மேல் கிளிப்பை மாட்டிவிட்டுக் காத்திருந்தால் விடியும்வரை ஒன்றும் நடக்காது. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையைக் கிளிப்பிலும் மறுமுனையைக் கருவியின் வேறொரு சுரண்டிய இடத்திலும் வைத்துப் பாருங்கள். தடை ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். பல பாகங்கள் சேர்ந்த கருவி என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் இணைப்பு போகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வைஸின் அசையும் தாடை கிரீஸ் மேல் உட்கார்ந்திருக்கும், அதற்கு மின்சாரமே போகாது.

இப்போது எந்த முனை எதற்கு என்பது. கறுப்பு கருவிக்கு, சிவப்பு தகட்டுக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் தகடு பத்திரமாக இருக்கும், உங்கள் கருவி கரையும். ஒரு ராத்திரி அப்படிப் போனால் காலையில் அழுவதைத் தவிர வேறு வழியில்லை. மின்சாரம் போடுமுன் ஒருமுறை, போட்ட பிறகு ஒருமுறை என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம். போட்ட பிறகு பார்ப்பது சுலபம்: கருவியின் மேல் பொடிப்பொடியாக நிறையக் குமிழி வர வேண்டும். தகட்டில் குமிழி கம்மியாகத்தான் இருக்கும்.

தகட்டின் கிளிப் எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். நேர்முனையில் இருக்கிற செம்புக் கிளிப் தண்ணீரில் முங்கினால் தகட்டுக்கு முன்னால் அதுதான் கரையும். கருவியின் கிளிப் தண்ணீருக்குள் போனால் அவ்வளவு பாதகமில்லை. ஆனாலும் ஓர் இரும்புக் கம்பியால் கருவியைக் கட்டித் தொங்கவிட்டு, கிளிப்பை மேலே அந்தக் கம்பியில் மாட்டுவதுதான் சுத்தமான வேலை. வாளியின் குறுக்கே ஒரு மரக்கட்டையை வைத்து அதில் கட்டித் தொங்கவிடலாம்.

மின்சாரம் தகட்டிலிருந்து கருவிக்குக் கூடியவரை நேராகவே ஓடும். தகட்டைப் பார்த்திருக்கிற பக்கம் பளிச்சென்று சுத்தமாகும், முதுகுப் பக்கம் சோம்பிக் கிடக்கும். அதனால் ஒரு தகட்டோடு நிறுத்தாமல், கருவியைச் சுற்றி நாலைந்து கம்பிகளை நிறுத்தி எல்லாவற்றையும் ஒயரால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். ஒரே ஒரு தகடுதான் இருக்கிறது என்றால் நடுநடுவே கருவியைத் திருப்பி வைக்க வேண்டும். குழாய், ஆழமான துளை போன்றவற்றின் உட்புறத்துக்கு வெளியே இருக்கிற தகட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை அதற்குள் தொடாமல் நுழைத்து நேர்முனையோடு இணைத்தால்தான் உள்ளேயும் வேலை நடக்கும். தகடும் கருவியும் தொட்டுக்கொண்டால் ஷார்ட் சர்க்யூட், சார்ஜர் போச்சு. மூன்று நாலு அங்குல இடைவெளி விடுங்கள்.

மின்சாரம் போட்ட பிறகு

உளி, ஸ்பேனர் மாதிரி சின்னக் கருவிகளுக்கு 1 முதல் 2 ஆம்பியர், இழைப்புளி உடம்பு, வைஸ் மாதிரி பெரியவற்றுக்கு 4 அல்லது 5 ஆம்பியர் போதும். அதற்கு மேல் வேண்டியதில்லை. ஆம்பியர் கூடினால் குமிழிதான் கூடும், துரு அதற்கேற்ற வேகத்தில் போவதில்லை. மெதுவாகப் போன கருவியில்தான் முடிவும் நன்றாக இருக்கும். ஆம்பியரைக் குறைக்க வேண்டுமென்றால் தகட்டைத் தள்ளி வையுங்கள், அல்லது தகட்டின் எண்ணிக்கையைக் குறையுங்கள். நேரம் போகப்போகத் தண்ணீர் சூடாகி ஆம்பியர் தானாக ஏறும் என்பதால், முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து சார்ஜர் கை சுடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஹைட்ரஜன். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 0.4 லிட்டர் ஹைட்ரஜன் வரும். 5 ஆம்பியரில் பத்து மணி நேரம் என்றால் 20 லிட்டருக்கு மேல். திறந்தவெளியில் அது காற்றோடு காற்றாக மேலே போய்விடும். மூடிய சின்ன அறையில் அப்படி இல்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். அதனால் வராந்தா, கூரை போட்ட திறந்த இடம், கதவும் ஜன்னலும் முழுக்கத் திறந்த பட்டறை இவையே சரி. வாளியை மூடி போட்டு மூடாதீர்கள். பக்கத்தில் பீடி சிகரெட், அடுப்பு, கிரைண்டர் தீப்பொறி எதுவும் கூடாது. மேலே கட்டுகிற நுரைக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து நிற்கும், அதில் ஒரு பொறி பட்டால் பட்டாசு மாதிரி வெடிக்கும். கருவியைத் தொடுவது, கிளிப்பை மாற்றுவது, தகட்டை நகர்த்துவது எதுவானாலும் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கிளிப்பைப் பிடுங்கினால் பொறி வருவது நுரைக்கு நேர் மேலேதான்.

சில மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகி, பார்க்கவே அருவருப்பாக இருக்கும். அது சரியாகத்தான் நடக்கிறது என்று அர்த்தம். குமிழி திடீரென்று குறைந்தால் தகட்டில் சகதி தடிமனாகக் கட்டிவிட்டது என்று பொருள். அணைத்து, தகட்டை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். லேசான துருவுக்கு 3, 4 மணி நேரம் போதும். கெட்டியான துருவுக்கு ஒரு ராத்திரி, மிக மோசமானதற்கு ஒரு நாள். நடுவில் எடுத்துத் துலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. கறுப்புப் படலத்தை இடையிடையே துலக்கிவிட்டால் கீழே இருக்கிற துருவுக்கு மின்சாரம் நன்றாகப் போகும்.

பெயின்ட் எப்படிக் கழல்கிறது

பெயின்ட்டின் மேல் மின்சாரம் நேரடியாக வேலை செய்வதில்லை. கருவியின் மேல் ஹைட்ரஜன் உண்டாகிற அதே இடத்தில் காரமும் உண்டாகிறது. அந்தக் காரம் எண்ணெய் சார்ந்த பழைய எனாமல் பெயின்ட்டைச் சோப்பாக்கி இளக்கும், குமிழிகள் அடியிலிருந்து தள்ளும். ஆனால் இதற்கெல்லாம் இரும்பு கொஞ்சமாவது தண்ணீரைத் தொட வேண்டும். முழுக்கப் பெயின்ட் மூடிய கருவியைப் போட்டால் மின்சாரம் உள்ளே போக வழியே இருக்காது. ஆகவே போடுவதற்கு முன் கூரான எதையாவது கொண்டு, இரும்பு தெரியும்வரை ஆங்காங்கே நெடுக்கும் குறுக்குமாகக் கீறிவிடுங்கள். அந்தக் கீறல்களிலிருந்துதான் பெயின்ட் உப்பிக் கிளம்பும்.

பழைய பெயின்ட் ஒரு நாளில் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். சிலது இரண்டு நாள் இழுக்கும். எபாக்சி, பவுடர் கோட்டிங் இரண்டும் முரண்டு பிடிக்கும், அவற்றுக்கு இந்த முறை அவ்வளவு ஏற்றதல்ல. இளகியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளினாலே போதும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் ஈயக் குரோமேட் இருந்திருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி மூக்கு வழியாக உள்ளே போகும். ஈரத்திலேயே உரிப்பதால் தூசி இல்லை என்பது இந்த முறையின் பெரிய நன்மை. அந்த நன்மையைக் கெடுத்துக்கொள்ளாமல், சுரண்டுவதையும் துலக்குவதையும் ஈரமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கையுறையைக் கழற்றியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளையும் நாய் பூனைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

வெளியே எடுத்ததும் ஓட வேண்டும்

சுவிட்சை அணைத்துக் கருவியை எடுத்தால் கறுப்பு மை பூசியது போல் இருக்கும். ஓடும் தண்ணீரில் வைத்துப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷாலோ ஸ்டீல் உல்லாலோ துலக்கினால் கீழே சாம்பல் நிற இரும்பு தெரியும். மூலைமுடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். பெயின்ட்டும் சேர்ந்து கழன்றிருந்தால் இதை ஓடும் தண்ணீரில் செய்யாமல் தனி வாளியில் செய்யுங்கள், அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் சோடா கொஞ்சம்கூட மிச்சமில்லாமல் அலச வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பெயின்ட் சரியாக ஒட்டாது.

இதற்குப் பிறகு நேரம் இல்லை. அப்போதுதான் வெளிவந்த இரும்பு சில நிமிஷத்திலேயே லேசான ஆரஞ்சுத் துருவை மேலே போர்த்திக்கொள்ளும். அதனால் கருவியை எடுப்பதற்கு முன்பே வெந்நீர், துணி, எண்ணெய் எல்லாம் தயாராக இருக்கட்டும். கடைசி அலசலைக் கொதிக்கிற சூட்டில் செய்தால் இரும்பு சூடாகித் தண்ணீர் தானாகவே ஆவியாகிவிடும். உடனே துணியால் துடைத்து, ஹேர் டிரையராலோ வெயிலிலோ நன்றாகக் காயவையுங்கள். இடுக்குகளிலும் திருகுத் துளைகளிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும், அங்கே முதலில் காற்று காட்டுங்கள்.

காய்ந்த சூடு தணியுமுன் லேசான மெஷின் ஆயில் தடவினால் இடுக்கு வரைக்கும் இறங்கும். இழைப்புளியின் அடிப்பக்கம், ரம்பம் இவற்றுக்கு எண்ணெய்க்குப் பதில் பேஸ்ட் மெழுகு நல்லது, மரத்தில் கறை பிடிக்காது. சமையல் எண்ணெய் வேண்டாம். கொஞ்ச நாளில் பிசுபிசுத்துப் பிசினாகிவிடும். பெயின்ட் அடிக்கிற பாகத்துக்கு எண்ணெயே தடவாமல், காய்ந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

வாளித் தண்ணீர்

துரு மட்டும் எடுத்த தண்ணீரை உடனே கொட்ட வேண்டியதில்லை. மின்னாற்பகுப்பில் செலவாவது பெரும்பாலும் தண்ணீர்தான், சோடா அப்படியே இருக்கும். மேலே மிதக்கிற நுரையை வழித்துவிட்டு, குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அடுத்த கருவிக்கும் அதற்கடுத்ததற்கும் பயன்படுத்தலாம். சகதி மிகவும் கெட்டியானால் ஒரு நாள் அசையாமல் வைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடியில் தங்குவது வெறும் இரும்பு ஆக்சைடு, அது ஆபத்தானதல்ல.

பெயின்ட் கழற்றிய தண்ணீர் அப்படி இல்லை. ஈயம் சகதியிலும் இருக்கும், காரத் தண்ணீரில் கொஞ்சம் கரைந்தும் இருக்கும். அதைச் சாக்கடையிலோ செடிகளுக்கோ ஊற்றக் கூடாது. பெயின்ட்டுக்கென்று ஒரு வாளியை ஒதுக்கி, துரு எடுக்கிற வாளியோடு கலக்காமல் வைத்துக்கொண்டால் கொட்ட வேண்டிய அளவே குறைந்துவிடும். நிழலில், ஆள் நடமாட்டமும் மழையும் படாத இடத்தில் தண்ணீரை ஆவியாக விட்டு, மிஞ்சும் சகதியையும் உரித்த பெயின்ட்டையும் முழுக்கக் காய்ந்து பொடியாகுமுன் கெட்டியான பையில் கட்டி, உங்கள் ஊரில் அபாயக் கழிவுகளை எங்கே வாங்கிக்கொள்கிறார்களோ அங்கே கொடுங்கள். தேய்ந்துபோன தகட்டில் பெயின்ட் சகதி ஒட்டியிருந்தால் அதையும் ஈரத்திலேயே சுரண்டி அந்தப் பையில் போட்டுவிட்டு, தகட்டைப் பழைய இரும்போடு சேர்த்துவிடலாம்.